எஸ்தர் அவசரப்படல

"ஜெபம் பண்ணுங்க சிஸ்டர், எல்லாம் சரியாயிடும்." வேலையில பிரச்சினைன்னு சபையில சொன்னா வர்ற முதல் பதில் இதுதான். தப்புன்னு சொல்லமாட்டேன். ஆனா வேதாகமத்துப் பெண்கள் ஜெபத்தோட நிறுத்திக்கல.

பாரசீக ராஜாவோட மனைவியா இருந்த யூதப் பெண் எஸ்தரையே எடுத்துக்கோங்க. தன் ஜனத்தை அழிக்கப் போட்ட ஆணையிலிருந்து காப்பாத்தச் சொல்லி ராஜாகிட்ட கேக்கணும். அழைப்பில்லாம ராஜா முன்னால போய் நின்னு, அவர் பொற்செங்கோலை நீட்டலேன்னா சாவுதான். அவங்க முதல்ல செஞ்சது, அரண்மனை இருந்த சூசான் நகரத்து யூதர் எல்லாரையும் தனக்காக 3 நாள் உபவாசம் இருக்கச் சொன்னது. பாரத்தைத் தனியா சுமக்கல. அப்புறம் ராஜாவே "என்ன வேணும்?"னு கேட்டும் கொட்டித் தீர்க்கல, விருந்துக்குக் கூப்பிட்டாங்க. அங்கயும் கேட்டார். "நாளைக்கும் வாங்க"ன்னுட்டாங்க! இரண்டாவது விருந்துலதான் விஷயமே வெளிய வந்தது. (எஸ்தர் புத்தகத்துல 4ஆம் அதிகாரத்துல இருந்து 7 வரைக்கும் ஒரே மூச்சுல படிச்சுடலாம்.) பயம் இருந்தது, கூடவே திட்டமும் இருந்தது.

டீம் லீடா இருக்கிற எனக்கு, கோபத்துல மெயில் அடிக்கக் கை துடிக்கிறப்ப இது ஞாபகம் வரும். மெயில் டிராஃப்ட்லயே கிடக்கும். மீட்டிங்ல அந்த அவகாசமும் கிடைக்காது. அங்க, பாரசீக ராஜாவுக்குப் பானம் பரிமாறின நெகேமியாதான் துணை. ராஜாவோட கேள்விக்கும் தன் பதிலுக்கும் நடுவுல ஜெபிச்சவர் ஆச்சே (நெகேமியா 2:4).

சோர்ந்துபோனா? எலியா தீர்க்கதரிசி வனாந்தரத்துல ஒரு சூரைச்செடியின் கீழ "போதும்"னு படுத்தப்ப தூதன் பிரசங்கம் பண்ணல. சாப்பிடச் சொன்னார், திரும்பத் தூங்க விட்டார். என் டீம்ல ஒரு பொண்ணு கண் கலங்கி நின்னப்ப நானும் வசனம் எதுவும் சொல்லல. லீவை அப்ரூவ் பண்ணிட்டு, அவ ரிப்போர்ட்டை வேற ஒருத்தருக்கு மாத்திவிட்டேன்.