ஊட்டிக்கு வேன் அனுப்பிய நாட்களும் இப்போதைய வேலையும்

ஒன்பது வருடம் கோயம்புத்தூரில் ஒரு டிராவல்ஸ் அலுவலகத்தில் டூர் பேக்கேஜ் போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு மே மாதம் மூன்று வேன்களில் நான் அனுப்பிய குடும்பங்கள் பர்லியாறு தாண்டி மலைப்பாதையில் வண்டி நெரிசலில் நான்கு மணி நேரம் நின்றார்கள். குழந்தைக்குப் பால் கலக்க வெந்நீர் இல்லை என்று ஒரு அம்மா போனில் அழுதார். அந்தக் குரல் காதை விட்டுப் போகவே இல்லை.

இப்போது தனியாகப் பயணத் திட்டம் போட்டுத் தருகிறேன். நீலகிரி என்றால் மே வேண்டாம், ஆகஸ்டுக்குப் பிறகு போங்கள் என்பேன். 2024 மே முதல் மேலே போகும் வண்டிகளுக்கு இ-பாஸ், அதாவது இணையத்தில் எடுக்கும் அனுமதிச் சீட்டு, இருக்கிறது. 2025 கோடையில் ஒரு நாளைக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள்தான் என்று சென்னை உயர் நீதிமன்றம் வரம்பே வைத்தது. அதனால் மேட்டுப்பாளையம் வரை ரயில், மேலே அரசுப் பேருந்து, குன்னூரில் இரண்டு இரவு. அப்புறம், ஆளுக்கொரு எவர்சில்வர் பாட்டில். பிளாஸ்டிக் பாட்டிலுக்கு அங்கே தடை.

இந்த வேலைக்கு வர என்ன படிக்கலாம் என்று தம்பி தங்கைகள் கேட்கிறார்கள். குவாலியரில் உள்ள மத்திய அரசின் சுற்றுலா மேலாண்மை நிறுவனத்தில் எம்பிஏ இருக்கிறது, நல்ல படிப்பு. அதற்கு முன்னால் பொள்ளாச்சி பக்கம் சேத்துமடை வழியாகப் பரம்பிக்குளம் புலிகள் காப்பகத்துக்குப் போய், பழங்குடி வழிகாட்டி ஒருவரோடு ஒரு நாள் நடந்து பாருங்கள். என்னைக் கூட்டிப்போனவர் ஒடிந்த மூங்கிலைத் தொட்டு, ஈரம் பார்த்து, யானை போய் அரை மணி நேரம்தான் ஆகிறது என்றார். அவருடைய ஒரு நாள் கூலி எவ்வளவு என்று கேட்டுக் குறித்துக்கொண்டேன். இன்றும் என் செலவுப் பட்டியலில் முதல் வரி வழிகாட்டி கூலிதான்.