சமன் அடையாளத்துக்குக் கீழ சமன் அடையாளம்

மலருக்கு ஏதாவது எழுதித் தாங்கோ எண்டு சங்கத்திலயிருந்து கேட்டவுடன எனக்கு எங்கட கணக்கு சேரின்ர கரும்பலகை தான் ஞாபகம் வந்தது. சேர் ஒரு கணக்கைத் தொடங்கினா விடை வரும் வரைக்கும் ஒரு ஸ்டெப்பையும் விழுங்க மாட்டார். ஒரு வரிக்கு ஒரு வேலை, சமன் அடையாளம் எல்லாம் ஒண்டுக்குக் கீழ ஒண்டு நேரா நிக்க வேணும், பக்கத்தில ஏன் அப்பிடிச் செய்தனி எண்டு சின்னனா எழுத வேணும்.

திருகோணமலையில கோணேசர் கோயிலுக்குப் போற வழியில கோட்டைக்குள்ள மான் நிக்கும் தானே, அதை வச்சே ஒரு கணக்குத் தந்தவர். மானும் காகமும் சேர்த்து தலை 20, கால் 56, மான் எத்தினை? நாங்கள் உடன எக்ஸ், வை எண்டு எழுத வெளிக்கிட, பொறுங்கோ பிள்ளையள், முதல்ல 20உம் காகம் எண்டு நினையுங்கோ எண்டார். அப்ப கால் 40. ஆனா 56 இருக்கு, 16 கூட. ஒரு காகத்தை எடுத்துப்போட்டு அந்த இடத்தில ஒரு மானை விட்டா கால் 2 கூடும், அப்ப 16 கூட வேணுமெண்டா 8 மான், மிச்சம் 12 காகம். அதோட விடமாட்டார், 8 மானுக்கு 32 கால், 12 காகத்துக்கு 24, கூட்டினா 56 சரியா எண்டு பாத்த பிறகு தான் விடைக்குக் கீழ ரெண்டு கோடு.

பின்னத்தில 1/2 + 1/3 = 2/5 எண்டு மேலயும் கீழயும் கூட்டி எழுதுற பிள்ளையள் எல்லா வகுப்பிலயும் இருக்கும். சேர் பிழை எண்டு வெட்ட மாட்டார். 2/5 அரையை விடப் பெரிசோ சின்னனோ, அரையோட இன்னும் கொஞ்சம் சேர்த்தா எப்பிடியப்பு குறையும் எண்டு கேட்பார். பேந்து தான் பொ.ம.சி. (பொது மடங்குகளுட் சிறியது) 6, 3/6 + 2/6, 5/6.

சமன்பாட்டில "மற்றப் பக்கம் போனா சைன் மாறும்" எண்டு சொல்லக் கூடாது, அது அவருக்குப் பிடிக்கவே பிடிக்காது. 3 எக்ஸ் − 6 = 21 எண்டா ரெண்டு பக்கமும் 6ஐக் கூட்டு, 3 எக்ஸ் = 27, ரெண்டு பக்கத்தையும் 3 ஆல பிரி, எக்ஸ் = 9. ஒண்டும் தாவிப் போகேல்ல, ரெண்டு பக்கத்துக்கும் ஒரே வேலை தான் செய்தனாங்கள். அதே போல 5 + 3 = 8 × 2 = 16 எண்டு ஒரே வரியில இழுத்து எழுதினா கொப்பி திரும்பி வரும், ஏனெண்டா 5 + 3 எப்பவும் 16 ஆகாது. இந்தச் சமன் அடையாளத்தை 1557இல ரொபர்ட் ரெக்கோர்ட் எண்ட வேல்ஸ்காரர் தன்ர புத்தகத்தில போட்டவர், ஒரே அளவான ரெண்டு சமாந்தரக் கோட்டை விட சமனான வேற ரெண்டு பொருள் இருக்கேலாது எண்டு அவரே காரணமும் எழுதி வச்சிருக்கிறார். நான் இதை லண்டன் வந்த பிறகு தான் வாசிச்சனான், சேருக்குத் தெரிஞ்சிருந்தா எவ்வளவு சந்தோசப்பட்டிருப்பார்.

இஞ்ச என்ர மகள் ஜிசிஎஸ்இ சோதனை எடுக்கேக்க பாத்தன், விடை பிழைச்சாலும் வழி சரியெண்டா மெதட் மார்க்ஸ் குடுக்கினம். எங்கட ஊர் ஓ எல் சோதனைப் பேப்பரிலயும் ஸ்டெப்புக்கு மார்க்ஸ் இருக்குது. ஆனா இப்ப பிள்ளையள் போனில படம் எடுத்து விடையை மட்டும் பாத்து எழுதுதுகள், வழி தெரியாம சோதனை மண்டபத்தில போய் என்ன செய்யிறது?

அதால சங்கத்திட்ட ஒரு வேண்டுகோள். ஊரில பிள்ளையளுக்கு கணக்குப் புத்தகம், பாஸ்ட் பேப்பர் வாங்கிக் குடுக்கிறதெண்டா பின்பக்கத்தில விடை மட்டும் அடிச்சது வேண்டாம், ஒவ்வொரு ஸ்டெப்பும் காரணத்தோட எழுதினதாப் பாத்து வாங்குவம். அப்பிடி ஒண்டு கிடைக்காட்டி நாங்களே எழுதுவம், பின்னப் பகுதியை நான் எழுதித் தாறன்.