6 பைட் விலை: பழைய பாஸ்கல் கோப்பை ஃப்ரீ பாஸ்கலில் திறந்து பார்த்தேன்

கல்லூரி நாட்களில் வீட்டுப் புத்தகங்களுக்காக டர்போ பாஸ்கலில் ஒரு பட்டியல் புரோகிராம் எழுதியிருந்தேன். பாஸ்கல் என்ற புரோகிராம் மொழியில் எழுத, டாஸ் காலத்தில் இருந்த கருவி அது. அப்பா ஒவ்வொரு புத்தகமாக எடுத்து விலை சொல்ல, நான் தட்டினேன். மொத்தம் 180. சோர்ஸும் (நான் எழுதிய புரோகிராம் வரிகள்) டேட்டா கோப்பும் ஒரு பழைய சிடியில் கிடைத்தன. அந்தப் பட்டியலை மறுபடி பார்க்கவே லினக்ஸ் லேப்டாப்பில் ஃப்ரீ பாஸ்கலை நிறுவினேன். ஃப்ளோரியன் கிளெம்ஃப்ல் 1993இல் தொடங்கிய கம்பைலர், அதாவது சோர்ஸைக் கம்ப்யூட்டர் ஓட்டக்கூடியதாக மாற்றித் தருவது; இன்றும் டர்போ பாஸ்கலுக்கென்று தனி மோடு வைத்திருக்கிறார்கள்.

சனிக்கிழமை: அந்த மோடில் ஒரு வரிகூட மாற்றாமல் கம்பைல் ஆனது. அவ்வளவு சந்தோஷம். ஓட்டினால் ரன்டைம் எரர் 2, கோப்பைக் காணோம். கோப்புப் பெயரில், பழைய டாஸுக்குப் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் ஒன்றுதான், லினக்ஸுக்கு வேறு வேறு. கோப்பின் பெயரை மாற்றியதும் திறந்தது.

ஆனால் 172 புத்தகங்கள்தான் என்றது. முதல் புத்தகத்தின் தலைப்பும் ஆண்டும் சரி, விலை தப்பு. இரண்டாவதிலிருந்து எல்லாமே குப்பை.

ஞாயிறு: பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்தேன். கோப்பு 8820 பைட். 180ஆல் வகுத்தால் ஒன்றுக்கு 49. தலைப்புக்கு 40, அதன் நீளத்தைக் குறிக்க 1, ஆண்டுக்கு 2. மிச்சம் 6 பைட் விலைக்கு. அங்கேதான் விஷயம். டர்போ பாஸ்கலில் தசம எண்ணை வைக்கும் ரியல் என்ற டைப் 6 பைட். கணக்குச் சிப் இல்லாத கம்ப்யூட்டரிலும் தசமக் கணக்குப் போட டர்போ பாஸ்கல்காரர்கள் வைத்திருந்த தனி வடிவம் அது. ஃப்ரீ பாஸ்கல் என் லேப்டாப்பில் ரியலுக்கு 8 பைட் எடுக்கிறது. ஆக ஒவ்வொரு புத்தகத்துக்கும் 2 பைட் தள்ளித் தள்ளிப் படித்திருக்கிறது.

இதற்கும் ஃப்ரீ பாஸ்கலில் வழி வைத்திருக்கிறார்கள். ரியல்48 என்று ஒரு டைப், அதை மாற்ற ரியல்2டபுள் என்று ஒரு ஃபங்ஷன். ஒரு புத்தகத்தின் விவரங்களைச் சேர்த்து வைக்கும் ரெக்கார்டை, நடுவில் காலி பைட் விடாத பேக்டு என்று அறிவித்து, விலையை ரியல்48 ஆக்கினேன். 180 புத்தகங்களும் வந்தன. அப்பா சொன்ன விலைகள், பைசா வரை அப்படியே.

அதே சோர்ஸ் விண்டோஸிலும் ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டரிலும் கம்பைல் ஆகிவிட்டது.

அடுத்து, ஆங்கில எழுத்தில் தட்டிய தலைப்புகளைத் தமிழில் மாற்ற வேண்டும். தமிழ் எழுத்துகளைக் கோப்பில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ‘சிறுகதைகள்’ என்ற ஒரு சொல்லே 30 பைட். 40 பைட் பெட்டி போதாது. ரெக்கார்டையே புதிதாக அமைக்கப் போகிறேன்.