ஃபெடரல் நீதிபதியிடம் ஒரு வருடம்

சட்டப் படிப்பு முடிந்ததும் அமெரிக்காவில் ஒரு ஃபெடரல் (மத்திய அரசின்) மாவட்ட நீதிபதியிடம் லா கிளார்க்காக, அதாவது வழக்குகளைப் படித்து ஆராய்ந்து எழுத்து வேலையில் உதவும் சட்ட உதவியாளராக, ஒரு வருடம் வேலை பார்த்தேன். இங்கே சட்டம் படிக்கும் நம் பிள்ளைகள் சிலர் அதைப் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். வழக்குகளின் உள்விவரங்களை கிளார்க்குகள் வெளியே பேசக்கூடாது. அதனால் ஊர், பெயர் எதையும் இங்கே எழுதவில்லை.

விண்ணப்பம் பெரும்பாலும் ஆஸ்கர் என்ற நீதித்துறை இணையதளம் வழியாகத்தான். மதிப்பெண் பட்டியல், பரிந்துரைக் கடிதங்கள், நீங்கள் எழுதிய சட்டக் கட்டுரை ஒன்று. கட்டுரைக்குத்தான் அதிக நேரம் ஒதுக்குங்கள். நேர்காணலில் என் கட்டுரையிலிருந்து ஒரு வாதத்தை எடுத்து, "எதிர்த்தரப்பு வக்கீல் இதை எப்படி உடைப்பார்?" என்று நீதிபதி கேட்டார். பேச்சு முழுக்க அதைச் சுற்றியே போனது. சம்பளத்தோடு சேருவதற்குக் குடியுரிமை நிபந்தனைகள் உண்டு. விசாவில் இருப்பவர்கள் அதை முதலிலேயே விசாரித்துக்கொள்வது நல்லது.

ஊரில் இருக்கும் சொந்தக்காரர்கள் மாவட்ட நீதிபதி என்றதும் தேர்வெழுதி வருபவர் என்று நினைத்தார்கள். இங்கே அதிபர் நியமிக்கிறார், செனட் ஒப்புதல் தருகிறது. வயது, படிப்பு என்று அரசியல் சாசனம் எந்தத் தகுதியும் கேட்பதில்லை. அரசு வக்கீலாக இருந்தவர்கள், தனியார் வக்கீல்கள், மாநில நீதிபதிகள் என்று பல வழிகளில் வருகிறார்கள். நியூயார்க் தெற்கு மாவட்ட நீதிமன்றத்தில் 2023-இல் நீதிபதியான அருண் சுப்ரமணியன், தொழிலின் தொடக்கத்தில் அதே நீதிமன்றத்தில் கிளார்க்காக இருந்தவர். பதவிக்கு வந்தபின் ஓய்வு வயது கிடையாது, சம்பளத்தைக் குறைக்க முடியாது, நாடாளுமன்றம் குற்றம் சாட்டி நீக்கினால் தவிர யாரும் அசைக்க முடியாது.

அப்படிப்பட்டவரையும் அவசரப்படுத்தும் ஒரு பட்டியல் இருக்கிறது. 1990-இல் வந்த சட்டப்படி, ஆறு மாதத்துக்கு மேல் முடிவு சொல்லாமல் கிடக்கும் மனுக்களும், மூன்று வருடத்துக்கு மேல் இழுக்கும் சிவில் வழக்குகளும் நீதிபதியின் பெயரோடு வருடத்துக்கு இருமுறை வெளியாகும். மார்ச் 31, செப்டம்பர் 30 தான் கெடு. தண்டனை எதுவும் இல்லை, பெயர் வரும், அவ்வளவுதான். ஆனாலும் செப்டம்பர் முழுவதும் எங்கள் அறையில் விளக்கு அணைய நேரமாகும். வழக்குக் கட்டுகளைப் படித்து, இரு தரப்பு வாதத்தையும் சுருக்கி, என் கருத்தோடு குறிப்பு எழுதித் தர வேண்டும். எங்கள் நீதிபதி அதில் பாதியை அடித்துவிட்டு, "தோற்கப்போகிறவர் படித்தாலும் தன் வாதத்தைக் கேட்டிருக்கிறார்கள் என்று தெரிய வேண்டும்" என்பார். எழுதுவதைப் பற்றி நான் கற்றதில் பெரியது அது.

நாடகங்களில் வருவது போன்ற ஜூரி விசாரணை குறைவு. ஃபெடரல் குற்ற வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் குற்றத்தை ஒப்புக்கொள்வதில்தான் முடிகின்றன. ஆகவே நீதிபதியின் கனமான வேலை தண்டனை விதிப்பதுதான். குற்றவாளியின் பின்னணியை விசாரிக்கும் நீதிமன்ற அதிகாரியான ப்ரொபேஷன் அதிகாரி ஒரு நீண்ட அறிக்கை தருவார்: பிறந்த வீடு, படிப்பு, போதைப் பழக்கம், முந்தைய குற்றங்கள், எல்லாமே. கூடவே வழிகாட்டி அட்டவணை ஒன்று, குற்றத்தின் அளவுக்கு 43 படிகள், பழைய குற்றங்களுக்கு 6 பிரிவுகள். இரண்டும் சந்திக்கும் கட்டத்தில் எத்தனை மாதச் சிறை என்று இருக்கும். 2005-இல் சுப்ரீம் கோர்ட் கொடுத்த தீர்ப்புக்குப் பிறகு அது கட்டாயமில்லை, ஆலோசனை மட்டுமே. சட்டம் கேட்பது இதுதான்: தண்டனை போதுமானதாக இருக்க வேண்டும், தேவைக்கு மேல் ஒரு நாள்கூட இருக்கக் கூடாது. தண்டனைக் காலம் முடியும்முன் விடுவிக்கும் ஃபெடரல் பரோலை 1980-களிலேயே எடுத்துவிட்டதால், சொல்லும் மாதங்களில் பெரும்பகுதியை அந்த மனிதர் உள்ளேயே கழிப்பார்.

மேல்முறையீட்டில் மூன்று நீதிபதிகள் கலந்து பேசுவார்கள். இங்கே ஒருவர்தான். தண்டனை நாளுக்கு முந்தைய மாலை, குற்றவாளியின் குடும்பத்தினர் எழுதிய கடிதங்களை எல்லாம் எங்கள் நீதிபதி மறுபடி படிப்பார். நான் கேட்டால் பேசுவார், எத்தனை மாதம் என்பதை மட்டும் சொல்லமாட்டார். குற்றவாளி நீதிமன்றத்தில் எழுந்து பேசும்வரை முடிவெடுக்கக் கூடாது என்பதில் உறுதியாக இருந்தார். சில வழக்குகளில் அந்தச் சுதந்திரமும் இல்லை. ஐந்து கிலோ கொக்கெய்ன் என்றால், சில விதிவிலக்குகள் தவிர, குறைந்தது பத்து வருடம். அந்த நாட்களில் மதியச் சாப்பாட்டில் யாரும் அதிகம் பேசமாட்டோம். இந்தக் கட்டாயக் குறைந்தபட்சத் தண்டனைகள் தவறு என்றே நான் நினைக்கிறேன். எதிரில் நிற்கும் மனிதரைப் பார்க்காதவர்கள் எழுதியவை அவை.

இவ்வளவுக்கும் பிறகு இந்த வேலையை விட மனமில்லாதவர்கள் ஏராளம். வயதும் சேவையும் சேர்ந்து 80 ஆனால், குறைந்தது 65 வயதில், முழுச் சம்பளத்தோடு வீட்டுக்குப் போகலாம். பலர் போவதில்லை, மூத்த நீதிபதி என்ற நிலையில் குறைந்த வழக்குகளோடு தொடர்கிறார்கள். 1962-இல் கென்னடி நியமித்த கான்சாஸ் நீதிபதி வெஸ்லி பிரவுன் 104 வயதில் இறக்கும்வரை பதவியில் இருந்தார்.

விண்ணப்பிக்க நினைப்பவர்கள், அதற்கு முன் அருகிலுள்ள ஃபெடரல் நீதிமன்றத்தில் ஒரு தண்டனை விசாரணையைப் போய்ப் பாருங்கள். பொதுவாக யார் வேண்டுமானாலும் உட்காரலாம், கட்டணம் கிடையாது. கைபேசியைப் பற்றி ஒவ்வொரு நீதிமன்றத்திலும் ஒரு விதி, அதை மட்டும் வாசலில் கேட்டுக்கொள்ளுங்கள்.