ஏற்பி எந்தச் செல்லில் இருக்கிறது?

கருவியல் படிப்பவர்களில் பலர் சிறுநீரக வளர்ச்சிக்கு வந்ததும் சோர்ந்துபோகிறார்கள். ஜிடிஎன்எஃப் என்ற சமிக்ஞைப் புரதம், ரெட், எஃப்ஜிஎஃப்ஆர்2, பிடிஜிஎஃப்ஆர்-பீட்டா என்ற ஏற்பிகள் (செல்லின் மேற்பரப்பில் சமிக்ஞையைப் பெறும் புரதங்கள்) என்று பெயர்கள் வந்துகொண்டே இருக்கும். தயவுசெய்து அவற்றைப் பட்டியலாக மனப்பாடம் செய்யாதீர்கள். சமிக்ஞையைச் சுரப்பது எந்தச் செல், ஏற்பியைத் தாங்குவது எந்தச் செல், அதை அடக்குவது எது என்று ஒவ்வொரு ஏற்பியிடமும் கேட்கப் பழகிய பிறகுதான் எனக்கு இந்தப் பாடம் வசப்பட்டது.

ரெட்டில் தொடங்குங்கள். படிக்கும் நேரத்தில் பாதியை அதற்கே கொடுத்தாலும் தகும். மனிதக் கருவில் ஐந்தாம் வாரத்தை ஒட்டி, உல்ஃபியன் நாளத்தின் (கருவின் தொடக்கக்காலச் சிறுநீர்க் குழாய்) பின்பகுதியிலிருந்து சிறுநீர்நாள மொட்டு முளைக்கிறது. அருகிலிருக்கும் மெட்டாநெஃப்ரிக் மீசென்கைம் (சிறுநீரகத்தை உருவாக்கும் தளர்வான கருத்திசு) ஜிடிஎன்எஃப் புரதத்தைச் சுரக்கிறது. நாளத்தின் சுவரான எபிதீலியச் செல்களில் ரெட்டும் அதன் துணை ஏற்பியான ஜிஎஃப்ஆர்-ஆல்ஃபா1-உம் இருக்கின்றன. துணை ஏற்பி இல்லாமல் ஜிடிஎன்எஃப் ரெட்டைத் திறம்படத் தூண்டாது. இன்னொன்றையும் குறித்துக்கொள்ளுங்கள்: ஜிடிஎன்எஃப் டிஜிஎஃப்-பீட்டா பெருங்குடும்பத்தின் தூரத்து உறவு. அந்தக் குடும்பத்தின் மற்ற புரதங்கள் செரின்-திரியோனின் கைனேஸ் ஏற்பிகள் (கைனேஸ் என்பது புரதத்தின் குறிப்பிட்ட அமினோ அமிலத்தில் பாஸ்பேட்டைச் சேர்க்கும் நொதி) வழியே செயல்பட, இது டைரோசின் கைனேஸான ரெட்டைத் தூண்டுகிறது. ஒரு மதிப்பெண் வினாவுக்கு மிகவும் பொருத்தமான இடம் இது.

இப்போது புத்தகத்தை மூடிவிட்டு, மரபணுவை நீக்கினால் என்ன நடக்கும் என்று நீங்களே ஊகியுங்கள். ரெட் இல்லாத சுண்டெலிகள் 1994-லும், ஜிடிஎன்எஃப் இல்லாதவை 1996-லும் விவரிக்கப்பட்டன. இரண்டிலும் பெரும்பாலும் சிறுநீரகமே உருவாகவில்லை. குடல் நரம்புச் செல்களும் இல்லை. சமிக்ஞையை அடக்கும் ஸ்ப்ரௌட்டி1-ஐ நீக்கினால் நிலைமை தலைகீழ்: ஒன்றுக்கு மேற்பட்ட மொட்டுகள் முளைத்து, கூடுதல் சிறுநீர்நாளங்கள் உருவாகின்றன.

ஸ்ப்ரௌட்டி1, ஜிடிஎன்எஃப் இரண்டையும் சேர்த்து நீக்கினால்? சிறுநீரகம் உருவாகிறது! அடக்கும் கை விலகியதும், எஃப்ஜிஎஃப்ஆர்2-ஐத் தூண்டும் எஃப்ஜிஎஃப்10-இன் சமிக்ஞையே மொட்டை வளர்க்கப் போதுமானதாகிவிடுகிறது. இந்தப் பாடத்திலேயே அழகான சோதனை இதுதான் என்பேன். ரெட் ஒரு தனித்த பொத்தான் அல்ல, தூண்டலுக்கும் தடைக்கும் இடையிலான சமநிலையே மொட்டின் விதியைத் தீர்மானிக்கிறது என்பதை இந்த ஒரே முடிவு காட்டிவிடுகிறது. விரிவான விடை எழுதும்போது இதை விட்டுவிடாதீர்கள்.

கிளாமருலஸ் (சிறுநீரகத்தில் இரத்தத்தை வடிகட்டும் நுண்குழாய் முடிச்சு) பகுதிக்கு இவ்வளவு உழைப்பு வேண்டாம். நுண்குழாய்களை வெளியே போர்த்தும் போடோசைட், இரத்தக்குழாய் வளர்ச்சியைத் தூண்டும் விஇஜிஎஃப்-ஐச் சுரக்கிறது; நுண்குழாயின் உட்சுவரான எண்டோதீலியம் அதன் ஏற்பியான விஇஜிஎஃப்ஆர்2-ஐத் தாங்குகிறது. அதே எண்டோதீலியம் பிடிஜிஎஃப்-பி சுரந்து, பிடிஜிஎஃப்ஆர்-பீட்டா ஏற்பி கொண்ட, நுண்குழாய்களைத் தாங்கிப்பிடிக்கும் மெசாஞ்சியச் செல்களை அழைக்கிறது. பிடிஜிஎஃப்-பி, பிடிஜிஎஃப்ஆர்-பீட்டா இரண்டில் எது இல்லாவிட்டாலும் சுண்டெலியின் கிளாமருலஸில் மெசாஞ்சியச் செல்கள் இராது.

படம் வரையும்போது மீசென்கைமுக்கு ஒரு நிறம், எபிதீலியத்துக்கு இன்னொரு நிறம் கொடுங்கள். அம்புக்குறி சுரக்கும் செல்லில் தொடங்கி ஏற்பி உள்ள செல்லில் முடிய வேண்டும். கிளைத்தல் தொடங்கிய பிறகு ரெட் மொட்டின் நுனிகளில் மட்டும் செறிந்திருக்கும், தண்டுப் பகுதியில் குறைந்துவிடும். வரைபடத்திலும் நுனிகளை மட்டுமே நிறமிடுங்கள். அடையாளம் காணும் வினாவில் திசுவெட்டுப் படம் வந்தால், எந்த மரபணுவின் வெளிப்பாடு அது என்பதை அந்த நுனிகளே சொல்லிவிடும்.