குடல் உட்படலத்தில் ஜீன்களின் ஆட்சி: புதுச்சேரி ஆய்வகக் குறிப்புகள்

ஜூன் 3
நோக்கம்: குடல் ஸ்டெம் செல்களிலிருந்து (பிற குடல் செல்களாக மாறவல்லவை) ஆர்கனாய்டுகளை, அதாவது குட்டிக் குடல்களை, தட்டில் வளர்த்து, எந்த ஜீன் எந்தச் செல்லை உருவாக்குகிறது என்று பார்ப்பது. சுண்டெலியின் சிறுகுடல் துண்டுகள், 2 மில்லிமோலார் இ.டி.டி.ஏ. (செல்களின் பிடிப்பைத் தளர்த்தும் வேதிப்பொருள்), பனிக்கட்டி மேல் 30 நிமிடம். முதல் உலுக்கலில் கழன்று வருபவை குடலுறிஞ்சிகள். அவற்றில் ஸ்டெம் செல் கிடையாது, கொட்டிவிடலாம். எல்.ஜி.ஆர்.5 ஜீன் இயங்கும் ஸ்டெம் செல்கள் கிரிப்ட் எனும் உட்படலப் பள்ளங்களின் அடியில்தான் இருக்கும். அவை அடுத்த உலுக்கல்களில் வரும். 70 மைக்ரான் சல்லடையில் வடிகட்ட வேண்டும். இந்த ஊர்ப் புழுக்கத்தில் மேட்ரிஜெல் (செல்களைத் தாங்கும் ஜெல்) பிப்பெட் டிப்புக்குள்ளேயே இறுகிவிடும், டிப்பையும் குளிர வைப்பது அவசியம். வளர்ப்புத் தட்டின் ஒரு குழிக்கு 50 மைக்ரோலிட்டர்.

ஜூன் 4
ஊடகத்தில் மில்லிலிட்டருக்கு வளர்ப்புக்கான புரதங்கள்: இ.ஜி.எஃப். 50, நாகின் 100, ஆர்-ஸ்பான்டின் 500 நானோகிராம். வின்ட் (ஸ்டெம் செல்களைக் காக்கும் சமிக்ஞைப் புரதம்) சேர்க்கவில்லை, எலியின் பனேத் செல்களே (கிரிப்ட் அடியில் உள்ள சுரப்புச் செல்கள்) அதைச் சுரக்கும். மனிதத் திசு என்றால் கட்டாயம் சேர்க்க வேண்டும்.

ஜூன் 7
ஆர்கனாய்டுகள் மொட்டு விட்டாயிற்று. நடுவில் பழுப்பாகத் தேங்குவது உதிர்ந்த செல்கள், பயம் வேண்டாம். ஆர்கனாய்டு முழுக்கக் கருத்தால்தான் கவலை.

இன்று டாப்ட் (காமா செக்ரிடேஸ் நொதியைத் தடுக்கும் மருந்து) சேர்ப்பு: 10 மில்லிமோலார் கரைசலை ஆயிரத்துக்கு ஒன்றாக. ஒப்பீட்டுக் குழிகளுக்கு அதே அளவு டி.எம்.எஸ்.ஓ. (மருந்தைக் கரைக்கும் திரவம்) மட்டும்.

ஏன் டாப்ட்? ஏட்டோ1 ஜீன் ஓங்கிய செல் சுரக்கும் செல்லாகிறது. அது தன் மேற்பரப்பில் டெல்டா புரதத்தை நீட்டி, பக்கத்துச் செல்லின் நாட்ச் ஏற்பியைத் தூண்டும். காமா செக்ரிடேஸ் நாட்சை வெட்ட, வெட்டுண்ட துண்டு உட்கருவுக்குப் போய் ஹெஸ்1 ஜீனை இயக்கும். ஹெஸ்1 அங்கே ஏட்டோ1-ஐ அடக்கும். அந்தச் செல் உறிஞ்சும் செல்லாகிவிடும். ஒரு செல் தன் அண்டைவீட்டின் விதியையும் சேர்த்தே எழுதுகிறது; குடலில் இதைவிட அழகான ஏற்பாடு எங்களுக்குத் தெரியாது. டாப்ட் அந்த வெட்டைத் தடுப்பதால் ஏட்டோ1-க்குக் கடிவாளம் இல்லை.

ஜூன் 10
ஆல்சியன் நீலம் (சளிக்கு நிறமேற்றும் சாயம்), பி.எச். 2.5: டாப்ட் குழிகளில் சளி சுரக்கும் கோப்பைச் செல்கள் நீலமாக நிறைந்துள்ளன. ஆனால் பனேத் செல்களும் கலந்திருக்கின்றன. கோப்பைச் செல் மட்டும் மிகுதியாக வேண்டுமானால் வின்ட் சுரப்பை நிறுத்தும் ஐ.டபிள்யூ.பி-2-ஐயும் 2 மைக்ரோமோலார் சேர்க்க வேண்டும். பனேத் வேண்டுமானால் நேரெதிர்: வின்ட் பாதையைத் தூண்டும் சி.எச்.ஐ.ஆர். 3 மைக்ரோமோலார்.

ஜூன் 12
டாப்ட் பட்ட குழிகளின் ஆர்கனாய்டுகளைப் பிரித்துப் புதிதாக நட்டால் பிழைக்காது. ஸ்டெம் செல் நிலைக்கவும் நாட்ச் தேவை. மருந்து படாத குழியைத் தனியே வைத்துக்கொள்க.

ஹார்மோன் செல்களுக்கு ஏட்டோ1-க்குப் பின் நியூரோஜி3 ஜீனும் இயங்க வேண்டும். அவை உட்படலத்தில் நூற்றுக்கு ஒன்று என்ற அளவில்தான் உண்டு. ஒரே ஆர்கனாய்டைப் பார்த்து ‘இல்லை’ என்று எழுதிவிடக் கூடாது.