நாம் என்று வந்தது

2023 ஜூலை 8, சனி

இன்றும் வந்தது, வேற்று உலகத்திலிருந்து மனசுக்குள் வரும் அந்தச் செய்தி. மூன்று மணி பத்து நிமிடம், சமையலறை. உடனே எழுதி வைக்கிறேன். விட்டால் விடிவதற்குள் ஆங்கிலமாக மாறிவிடும்.

ஜூலை 9, ஞாயிறு

மருத்துவமனையில் அம்மாவின் வலது கை அசையாமல் அப்படியே இருக்கிறது. கஞ்சி நாலு ஸ்பூன் இறங்கியது.

ஜூலை 11, செவ்வாய்

முதல் இரவு வந்ததைப் பற்றி இன்னும் சரியாக எழுதவில்லை.

அன்று சொல் எதுவும் வரவில்லை. 'கு' மட்டும் வந்தது. ஒலியாகவும் வரவில்லை. இருட்டில் யாரோ கையை நீட்டுகிறார்கள், அந்தக் கை என்னை நோக்கித்தான் நீள்கிறது, கையில் இருப்பது என்னவென்று தெரியவில்லை. அப்படி ஓர் உணர்வு. எனக்கு. நான்காம் வேற்றுமை. சனிக்கிழமைத் தமிழ் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுத்து முப்பது வருடம் ஆகப்போகிறது. அந்தக் 'கு'வுக்கு நன்னூல் சொல்லும் பொருள்களில் முதலாவது கொடை, அடுத்ததே பகை. ஏழைக்குக் கொடுத்தான் என்றாலும் பாம்புக்குப் பகை கீரி என்றாலும் உருபு ஒன்றுதான். அன்று பயந்துபோய் விளக்கைப் போட்டது அதனால்தான். நீண்ட கையில் இருப்பது கொடையா பகையா என்று உருபை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது.

நாலு இரவு வேறெதுவும் இல்லை. ஐந்தாவது இரவு 'நாம்' வந்தது.

என் பேச்சில் பாதி ஆங்கிலம். தென்னாப்பிரிக்காவில், டர்பனின் இந்தச் சாட்ஸ்வொர்த்தில் யாரைக் கேட்டாலும் அப்படித்தான். கனவுகூட ஆங்கிலத்தில்தான் காண்கிறேன். 'வீ' என்று வந்திருந்தால் அவர்கள் தங்களை மட்டும் சொல்கிறார்களா, என்னையும் சேர்த்துச் சொல்கிறார்களா என்று எனக்கு ஒருநாளும் தெரிந்திருக்காது. வந்தது 'நாம்'. 'நாங்கள்' இல்லை. நாக்கில் பட்டது இனிப்பா உப்பா என்று யாரும் யோசித்துப் பார்ப்பதில்லையே, அதுபோல அதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

அழிக்க வருகிறவன் 'நாங்கள்' என்றுதான் சொல்வான். 'நாம்' என்று சொல்லமாட்டான்.

ஜூலை 12, புதன்

ஜோஹன்னஸ்பர்க்கிலிருந்து தம்பி போன் செய்தான். "அக்கா, நீ தூங்குறியா?" என்றான். தூங்குகிறேன் என்றேன்.

ஜூலை 14, வெள்ளி

வார்டில் இரவு நர்ஸ் ஜூலுப் பெண். அம்மாவிடம் வந்தவுடன் "சவுபோனா, கோகோ" என்பாள். கோகோ என்றால் பாட்டி. சவுபோனா பிறந்தது முதல் கேட்ட வணக்கம். இன்றுதான் பொருள் கேட்டேன். உன்னைப் பார்க்கிறோம் என்று பொருளாம். நிற்பது ஒருத்தி, சொல்வது 'பார்க்கிறோம்'. கூட யார் என்றேன். "எங்கள் முன்னோரும் சேர்ந்து பார்க்கிறார்கள் என்று என் பாட்டி சொல்வாள்" என்றாள். அம்மாவின் தலையணையைச் சரிசெய்துகொண்டே சொன்னாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

1977-இல் வாயேஜர் விண்கலங்களோடு அனுப்பிய தங்க ஒலித்தட்டில் 55 மொழிகளில் வாழ்த்து இருக்கிறது. நுகூனி இருக்கிறது, அதாவது இந்த நர்ஸின் மொழிக் குடும்பம். சோத்தோ, தெலுங்கு, கன்னடம், சிங்களம் எல்லாம் இருக்கின்றன. தமிழ் இல்லை. அப்பா இருந்தவரைக்கும் இதைச் சொல்லி வருத்தப்படுவார். இருக்கட்டும் அப்பா. நாம் அனுப்பாத மொழியிலேயே தேடிக்கொண்டு வந்திருக்கிறது.

ஜூலை 15, சனி

வகுப்பில் திணை. எட்டுப் பிள்ளைகள். சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்கு முகம் சுட்டது.

இதுவரை 'வந்தது' என்றே எழுதியிருக்கிறேன். இதே நோட்டில், என் கையாலேயே. அஃறிணை ஒருமை. தொல்காப்பியத்தின்படி உயர்திணை என்றால் மக்கள் மட்டும், மற்ற எல்லாம் அஃறிணை. அந்தக் கணக்கில் நான் எழுதியது சரிதான். ஆனால் நன்னூல் எழுதிய பவணந்தியார் அதை விரித்து மக்கள், தேவர், நரகர் மூவரையும் உயர்திணை என்றார். கண்ணால் கண்ட உடம்பையா அவர் கேட்டார்? தேவரை யார் கண்டார்கள்? அறிவுள்ளதாக நாம் கருதும் உயிருக்கு இலக்கணத்தில் இடம் உண்டு என்று நூற்பாவிலேயே கதவைத் திறந்து வைத்திருக்கிறார்.

1860 நவம்பர் 16 அன்று மதராஸிலிருந்து வந்த ட்ரூரோ கப்பல் டர்பனில் நின்றது. இறங்கியவர்களையும் பின்னால் வந்தவர்களையும் ஒப்பந்தக் கூலிகளாக எண் போட்டு எழுதிக்கொண்டார்கள். அம்மாவின் தாத்தாவுக்கும் ஓர் எண் இருந்தது. வந்து இறங்குகிறவரை அஃறிணையில் எழுதினால் என்ன நடக்கும் என்று எங்கள் குடும்பத்துக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இனிமேல் 'வந்தார்கள்'. பழைய பக்கங்களைத் திருத்தமாட்டேன். தப்பு தப்பாகவே இருக்கட்டும்.

ஜூலை 17, திங்கள்

ஆடி முதல் நாள், அமாவாசை. மருத்துவமனையிலிருந்து வந்து கொல்லைப்புறத்தில் நின்றேன். திரிசங்கு, அதாவது சதர்ன் கிராஸ் நட்சத்திரக் கூட்டம், தெளிவாக நின்றது, பக்கத்தில் அதைக் காட்டும் இரண்டு வெள்ளிகள். அவற்றில் பிரகாசமானதன் கூட்டத்தைச் சேர்ந்த சின்ன வெள்ளிதான் நமக்கு மிகப் பக்கத்தில் இருப்பது, கண்ணுக்குத் தெரியாது. 4.2 ஒளியாண்டு. ரேடியோவில் ஒரு கேள்வி கேட்டால் பதில் வர எட்டரை வருடம் ஆகும். கரூ வறண்ட நிலத்தில் 64 ரேடியோ தொலைநோக்கிக் கிண்ணங்கள் வானத்தைப் பார்த்து நிற்கின்றன. அவை கேட்கட்டும், அதுவும் வேண்டியதுதான். அம்மாவுக்கு எட்டரை வருடம் இல்லை.

1950-களில் நம் டிராக்கன்ஸ்பர்க் மலையடியில்தான் எலிசபெத் கிளாரர் என்ற பெண் ஆக்கோன் என்ற வேற்றுக்கிரகத்தவரைச் சந்தித்ததாகச் சொன்னார். மனத்துக்கு மனம் பேசினோம் என்றார். 1994 செப்டம்பர் 16 அன்று ஜிம்பாப்வேயின் ருவாவில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் 62 பேர் மைதானத்துக்கு அப்பால் ஒரு கலத்தையும் அதில் வந்தவர்களையும் பார்த்ததாகச் சொன்னார்களே, அதில் சிலரும் கண் வழியாகச் செய்தி வந்தது என்றுதான் சொன்னார்கள். எல்லாரும் கேட்டது கலம் எப்படி இருந்தது, கண் எவ்வளவு பெரியது என்று. நான் அங்கே இருந்திருந்தால் ஒன்றுதான் கேட்டிருப்பேன். வந்தவர்கள் சொன்னது நாமா, நாங்களா?

ஜூலை 18, செவ்வாய்

வரவில்லை.

ஜூலை 19, புதன்

வரவில்லை. கோயிலில் கூழ் வாங்கி ஒரு விரல் தொட்டு அம்மாவின் உதட்டில் வைத்தேன். நாக்கு அசைந்தது.

ஜூலை 20, வியாழன்

இரவு முழுக்க ஒரே நினைப்பு.

நாலு ஒளியாண்டோ நானூறோ, அவ்வளவு தூரம் தாண்டி வருகிறவர்கள் என் மனசுக்குள் வருகிறார்கள். அம்மாவின் கட்டில் இரண்டடி தூரம். அவள் கண் என்னைப் பார்க்கிறது, ஏதோ சொல்ல நினைக்கிறாள், நெற்றி சுருங்குகிறது. எனக்கு ஒன்றும் வரவில்லை. ஒரு 'கு'கூட வரவில்லை. இரண்டு மணி நேரம் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, மூச்சை அவள் மூச்சோடு சேர்த்து, சமையலறையில் இருப்பது மாதிரியே இருந்து பார்த்தேன். கஞ்சிப் பாத்திரம் தள்ளுகிறவன் வந்து போகிறான். பக்கத்துக் கட்டிலில் டிவி.

மூளையின் இடப்பக்கம் அடிபட்டிருக்கிறது என்றார் டாக்டர். அர்த்தம் புரியும், ஆனால் வாக்கியம் கட்ட வராது. 1861-இல் பாரிஸில் ப்ரோக்கா என்ற டாக்டர் பார்த்த நோயாளிக்கு 'டான்' என்ற ஓர் அசைதான் வந்ததாம். மற்றவர்கள் பேசுவது அவருக்குப் புரிந்தது. அப்படியென்றால் அம்மாவிடம் போனது இலக்கணம்தான். எனக்கு இரவில் வருவதோ இலக்கணம் மட்டும், சொல்லே இல்லாமல். ஒருத்தியிடம் எடுத்தது இன்னொருத்தியிடம் வருகிறதா? இப்படி நினைப்பதே பாவம். ஆனாலும் நினைத்தேன், நினைத்ததை எழுதுகிறேன்.

மேகசின் பேரக்ஸில் பிறந்தவள். நகராட்சி ஆட்களுக்குக் கட்டிய வரிசை வீடுகள். அங்கிருந்து இங்கே தூக்கிப் போட்டபோதும் வாயாடிக்கொண்டே வந்தவள் என்று அப்பா சொல்வார். அந்த வாய்.

ஜூலை 22, சனி

வந்தார்கள். 2.50.

இந்தத் தடவை வினை. வேர் 'கேள்'. முடிவைத்தான் நான் நம்பவில்லை, எழுந்து போய் நன்னூலை எடுத்துப் பார்த்தேன். 'கேட்டோம்' என்று வரவில்லை. 'கேட்டனம்' என்று வந்தது. நான் வாழ்நாளில் பேசியதில்லை, எழுதியதுமில்லை, கரும்பலகையில் ஒருமுறை எழுதி அழித்திருப்பேன். தன்மைப் பன்மையில் அம், ஆம் இரண்டும் எதிரில் கேட்கிறவரையும் சேர்த்துக்கொள்ளும். எம், ஏம், ஓம் மூன்றும் அப்பால் இருப்பவரைத்தான் சேர்க்கும். பவணந்தியார் அவ்வளவு சுத்தமாகப் பிரித்து வைத்திருக்கிறார். இன்றைக்கு 'ஓம்' ஒன்றை வைத்துக்கொண்டு எல்லாருக்கும் ஓட்டுகிறோம், 'நாம்' என்று முன்னால் போட்டுச் சமாளிக்கிறோம். அவர்கள் முன்னால் எதுவும் போடவில்லை. வினையின் வாலிலேயே என்னை வைத்திருந்தார்கள்.

நீயும் நாங்களுமாகச் சேர்ந்து கேட்டோம். எதை? அது வரவில்லை. வியாழன் இரவு நான் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு காத்திருந்ததையா?

விடியும்வரை உட்கார்ந்திருந்தேன். பயமே இல்லை.

ஜூலை 23, ஞாயிறு

அம்மா பேசினாள்.

சாயங்காலம், விளக்கு போடுகிற நேரம். இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்தாள். பிடி பலமாக இருந்தது. என்னைப் பார்த்தாள், அப்புறம் எனக்குப் பின்னால் ஜன்னல் பக்கம் பார்த்தாள், அப்புறம் திரும்ப என்னை. ஒரே சொல். போக வேண்டும் என்ற சொல். "போவ" வரைக்கும் தெளிவாகக் கேட்டது. அதற்குப் பிறகு வாய் கோணி, உயிரெழுத்து இழுபட்டு, மகரத்தில் வந்து மூடியது. முன்னால் எதுவும் இல்லை. நாமும் இல்லை, நாங்களும் இல்லை.

"யாரும்மா? நானும் நீயுமா? இல்ல நீயும் அவங்களுமா?" என்று கேட்டேன். கண்ணை மூடிக்கொண்டாள். பிடியை விடவில்லை.

கட்டிலுக்கு அந்தப் பக்கம் நர்ஸ் நின்றிருந்தாள். உனக்கு எப்படிக் கேட்டது என்றேன். தமிழ் தெரியாது, ஆனால் நல்ல காது அவளுக்கு. யோசித்து, உதட்டைக் குவித்து ஒருமுறை சொல்லிக்காட்டினாள். தலையை ஆட்டிவிட்டு, வாயை அகலத் திறந்து இன்னொருமுறை சொல்லிக்காட்டினாள்.